கசிவும் காரணமும்

துன்பத்துக்குக் காரணம் எது என்ற விசாரம் நம் நாட்டுத் தரிசன நூல்களில் எத்தனை நுட்பமாகவும் விரிவாகவும் நடைபெற்றிருக்கிறதோ, அத்தனை சுருக்கமாக நம்முடைய அன்றாடப் பேச்சில் அது, "எல்லாம் அவன் செய்த வினை" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துபோகிறது. எவனிடத்தில் துன்பம் வெளிப்படுகிறதோ அவனிடத்திலேயே அதன் வேரும் இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், மேற்கொண்டு ஆராய வேண்டிய பொறுப்பும் செய்ய வேண்டிய கடமையும் நம் தலையிலிருந்து இறங்கிவிடுகின்றன. ஆகையால் அந்தத் தீர்மானம் மெய்தானா என்று சோதித்துப் பார்க்கும் சிரமத்தை நம்மில் பலர் மேற்கொள்வதில்லை. அந்தச் சோதனைக்கு நான் எடுத்துக்கொள்ளும் திருஷ்டாந்தம் தர்க்க நூல்களில் வழிவழியாக வரும் குடமோ ஆடையோ அன்று. மோட்டார் சைக்கிள் என்ஜினுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம். சமய விசாரத்துக்கு இது தகுந்த பொருளா என்று ஐயுறுபவர்கள், குயவனுடைய சக்கரமும் சாஸ்திரத்துக்குள் புகுவதற்கு முன் தெருவில் சுழன்றுகொண்டிருந்த ஒரு தொழிற்கருவியே என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சுழலும் தண்டு ஒன்று எண்ணெய் தெறிக்கும் அறையிலிருந்து வெளியே வந்து சக்கரத்துக்கு வலிமையைக் கொடுக்க வேண்டும். ஆனால் எண்ணெய் அதனுடன் வெளியே வந்துவிடக் கூடாது. யந்திரங்கள் தோன்றிய நாள்முதல் தொழிலறிஞர்களை வருத்திய பிரச்சினை இது. கம்பளித் துணியைத் திணித்துப் பார்த்தார்கள். தண்டிலேயே திருகுமரை வெட்டி, வெளியே வரும் எண்ணெயை அது உள்ளே திருப்பித் தள்ளும்படி செய்து பார்த்தார்கள். தோலை வளையமாக வெட்டி வைத்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில் வைன்ஹைம் என்னும் ஊரில், தோல் பதனிடுவதற்கென்று 1849-இல் தொடங்கப்பட்ட பிராய்டன்பெர்க் தொழிற்சாலையில், வால்ட்டர் சிம்மர் என்ற பொறியியலார் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலோகக் கூட்டுக்குள் தோல் உதட்டை அமைத்து ஒரு வளையம் உருவாக்கினார். சில ஆண்டுகளில் தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் எடுத்துக்கொண்டது. இன்று உலகெங்கும் வழங்கும் ஆயில் சீல் அதன் வம்சம்தான். வெளிப்புறம் ஓர் இரும்புக் கூடு. உட்புறம் தண்டைத் தழுவி நிற்கும் ரப்பர் உதடு. அந்த உதட்டைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க அதன் முதுகில் ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங். இவ்வளவுதான்.

ஆயினும் இதன் தொழிற்பாட்டில் வியக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. உதடு தண்டை இறுகப் பிடித்து எண்ணெயை முற்றிலும் தடுத்து நிறுத்துகிறது என்று நாம் எண்ணுகிறோம், உண்மை அதுவன்று. உதட்டுக்கும் தண்டுக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய கனத்தில், எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது; தண்டு சுழலச் சுழல, வெளியே போக முற்படும் எண்ணெயை உதட்டின் நுண்ணிய மேடுபள்ளங்கள் மீண்டும் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கின்றன. அந்த ஈரம் அற்றுப்போனால் ரப்பர் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். இத்தகைய மெல்லிய ஏற்பாடு அழுத்தத்தைத் தாங்கும் மதிலாக அமைக்கப்பட்டதன்று. சாதாரண சீல், வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கு மேற்பட்ட உபரி அழுத்தத்தை எதிர்த்து நிற்கும்படி செய்யப்படுவதில்லை. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நான் சொல்லப் போவது இதைப் பற்றியே நிற்கிறது.

என் மைத்துனர் ஒருவரிடம் பழைய 350 சி.சி. புல்லட் வண்டி ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் பிறந்த அந்த வண்டி வகை, 1955-இல் சென்னை நிறுவனம் ஒன்றுடன் ஏற்பட்ட கூட்டுறவின் பயனாகத் திருவொற்றியூரில் குடியேறி, பிறந்த நாட்டில் உற்பத்தி நின்றுபோன பின்பும் இங்கே தொடர்ந்து வாழ்ந்தது. பட்டினத்தாருடைய சமாதி இருக்கிற அதே திருவொற்றியூரில்தான், காதற்ற ஊசியையும் கடைவழிக்குக் கொண்டுபோக முடியாதென்று உணர்ந்து அனைத்தையும் துறந்தவர் ஒடுங்கிய கடற்கரையை அடுத்துத்தான், இந்த இரும்பு வண்டிகள் அணிஅணியாக வெளிவந்தன என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மனம் நெகிழ்கிறது. அது நிற்க. மைத்துனருடைய வண்டியின் என்ஜினை ஒரு பட்டறையில் இறக்கிப் பிரித்து, சிலிண்டரைக் குடைந்து, புதுப் பிஸ்டன் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். சில வாரங்களுக்குள் கிராங்கின் இடப்பக்கத் தண்டு வெளிவரும் இடத்தில் எண்ணெய் கசிந்து, செயின் கேஸ் நிரம்பி, கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. சீல் மட்டம் என்றார்கள், மாற்றினார்கள். மறுபடியும் கசிந்தது. விலையுயர்ந்த வேறு சீல் வாங்கிப் போட்டார்கள், அதுவும் கசிந்தது. கடைசியில் வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனபோது நானும் உடன் இருந்தேன்.

மைத்துனர் சீல்களின் தரக்குறைவைப் பற்றி நெடுநேரம் குறை சொல்லி முடித்ததும் மேஸ்திரி, "சீலைத் திட்டி என்னங்க ஐயா பிரயோஜனம், அது வாயில்லாப் பூச்சி. என்ஜின் மூச்சு விடுதான்னு முதல்ல பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தார். செயின் கேஸின் மூடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டார். ஸ்பிராக்கெட்டின் பின்புறமிருந்து எண்ணெய் கோடாக இறங்கியது. நிறுத்தி, கிராங்க் அறையின் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயைக் கழற்றி, அதன் ரப்பர் வால்வை உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினார். திறந்து மூட வேண்டிய அதன் இரண்டு உதடுகளும் விறைத்துப்போய், கறுத்த எண்ணெய்க் கசடால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வாயில் வைத்து ஊதிப் பார்த்தார், காற்றுப் போகவில்லை. வழியைத் திறந்துவிட்டு மறுபடி என்ஜினை ஓட்டியபோது, கோடாக இறங்கிய எண்ணெய் வெறும் ஈரமாகக் குறைந்தது. சீல் அதே சீல்தான்.

அந்த என்ஜினின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. 90 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடுவது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 346 கன சென்டிமீட்டர் காற்றைக் கீழே கிராங்க் அறையில் அது நெருக்குகிறது; நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் வினாடிக்கு ஐம்பது முறை இந்த நெருக்கடி நேர்கிறது. போதாக்குறைக்குப் பிஸ்டன் வளையங்களின் வழியே எரிந்த வாயுவும் சிறிது கீழே இறங்குகிறது. பிரீதர் வால்வு சரியாக இருந்தால், பிஸ்டன் இறங்கும்போது காற்றை வெளியே விட்டு, ஏறும்போது மூடிக்கொண்டு, அறையின் அழுத்தத்தை வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாகவே வைத்திருக்கும். அப்பொழுது எண்ணெய்க்கு வெளியே வரும் எண்ணமே உண்டாகாது. வால்வு அடைபட்டுவிட்டாலோ, அந்த அழுத்தமெல்லாம் எங்கே எதிர்ப்பு குறைவோ அங்கே போய் மோதுகிறது. யந்திரம் முழுவதன் மூச்சுத் திணறலும் சேர்ந்து ஒரு மெல்லிய உதட்டை உந்தித் தள்ள, அது தளர்ந்தவுடன், தளர்ந்த உதட்டையே குற்றவாளி என்று பிடுங்கி எறிகிறோம்.

மேஸ்திரி செய்தது என்ன என்று தர்க்க சாஸ்திரத்தின் கண்ணால் பார்த்தால் அவரிடம் பெருமதிப்பு உண்டாகிறது. ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருத்தல் அன்வயம். ஒன்று இல்லாதபோது மற்றொன்றும் இல்லாதிருத்தல் வியதிரேகம். இரண்டும் கூடினாலன்றிக் காரணம் என்று சொல்லக் கூடாது. சீலை மாற்றியும் கசிவு நின்றபாடில்லை. ஆகவே சீல் காரணம் என்ற அனுமானம் வியபிசாரம் என்னும் தோஷத்துக்கு உள்ளாயிற்று. அடைப்பை நீக்கியவுடன், சீலைத் தொடாமலேயே, கசிவு குறைந்தது. குடத்துக்கு மண்ணைச் சுமந்துவந்த கழுதையும், குயவனைப் பெற்ற தகப்பனும் குடம் உண்டாவதற்கு முன் இருந்தவையே ஆயினும் குடத்துக்குக் காரணங்கள் ஆகமாட்டா என்று தள்ளி, அவற்றுக்கு அன்யதாசித்தம் என்று பெயரிட்ட நையாயிகர்கள், அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தால் மேஸ்திரியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்று முடிவு கட்டுவது நமக்கு இயல்பாக இருக்கிறது. அவருக்கு அது இயல்பாக இல்லை.

அவர் அத்துடன் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பிராக்கெட்டைக் கழற்றி, சீலை நெம்பியெடுத்து, தண்டைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தபின், கட்டைவிரல் நகத்தை அதன்மேல் நீளவாக்கில் இழுத்தார். ஓரிடத்தில் நகம் தட்டியது. "தொட்டுப் பாருங்க ஐயா" என்று என் விரலைப் பிடித்து வைத்தார். கண்ணுக்கு வெறும் பளபளப்பான கோடாகத் தெரிந்தது, விரலுக்குப் பள்ளமாகத் தெரிந்தது. மெத்தென்ற ரப்பர் எஃகைத் தேய்த்திருக்கிறது! ரப்பர் தானாகத் தேய்ப்பதில்லை. காற்றில் வந்த தூசும் எண்ணெயில் வந்த உலோகப் பொடியும் உதட்டில் பதிந்து, ஒரே இடத்தில் பல்லாயிரம் மைல்கள் உராய்ந்து, அந்தப் பள்ளத்தை உண்டாக்கிவிட்டன. எத்தனை புதிய சீல் போட்டாலும் அதன் உதடு அந்தப் பழைய பள்ளத்தில்தான் போய் உட்காரும். உட்கார்ந்தால் முன்னதைப் போலவே ஒழுகும்.

செய்த செயல் அழிந்த பின்பும் அதன் தழும்பு சித்தத்தில் தங்கி, அடுத்த செயலைத் தன் வழியே இழுத்துக்கொள்கிறது என்று யோக நூலார் சம்ஸ்காரத்தைப் பற்றிச் சொல்வதன் பொருள் எனக்கு அந்த நகம் தட்டிய கணத்தில் விளங்கியதுபோல வேறெப்பொழுதும் விளங்கியதில்லை. மேஸ்திரி அந்தப் பள்ளத்தை அழிக்க முயலவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் தண்டு மேலும் மெலிந்திருக்கும். சீல் அமரும் குழியில் இடம் இருந்ததால், புதிய சீலை அடிவரை அழுத்தாமல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வெளியே நிறுத்தினார். உதடு தேயாத புதுத் தடத்தில் உட்கார்ந்தது. தட்டும்போது சீல் ஒருபுறம் சாயாதபடி அகலமான குழாய்த் துண்டை மேலே வைத்துத் தட்டியதும், சாவிக்குழியின் கூர்மை உதட்டைக் கிழிக்காதபடி தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றியதும், உதட்டில் விரலால் எண்ணெய் தடவியதும் அவர் காட்டிய சிரத்தைக்குச் சான்றுகள். பழைய சீலின் உதடு உலர்ந்து கருகியிருந்ததையும் எங்களுக்குக் காட்டத் தவறவில்லை. முன்பு போட்டவர்கள் அதை எண்ணெய் தடவாமலே அறைந்திருக்கிறார்கள். ஆகவே சீலிலும் குற்றம் இருந்தது. ஆனால் குற்றம் ஓரிடத்தில் இருப்பது வேறு, அது அங்கே பிறப்பது வேறு.

இனி, சமய விசாரத்துக்கு வருவோம். காரணத்துக்குக் காரணம் தேடிக்கொண்டே போனால் எங்கே நிற்பது? வால்வு ஏன் விறைத்தது? எண்ணெய் மாற்றாததால். ஏன் மாற்றவில்லை? உடையவருக்கு ஓய்வில்லை. ஏன் ஓய்வில்லை? இப்படியே போனால் அது அநவஸ்தை என்னும் தோஷமாகும். விஷ அம்பு தைத்தவன், எய்தவன் எந்தக் குலத்தான், வில் எந்த மரத்தால் ஆயது என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தால் செத்துப்போவான் என்று புத்தர் பிரான் மாலுங்கிய புத்திரருக்கு உபதேசித்தது இந்த இடர்ப்பாட்டுக்கும் பொருந்தும். ஆனால் அதே பௌத்தம் துன்பத்தின் காரணத் தொடரைப் பன்னிரண்டு கண்ணிகளாக வகுத்து ஆராய்ந்த மதமும் ஆகும். மணிமேகலையில் அறவண அடிகள் அந்தப் பன்னிரு நிதானங்களை முப்பதாவது காதையில் போதிப்பதற்கு முன், இருபத்தொன்பதாவது காதையில் அளவைகளையும், ஏதுக்களில் நேரும் போலிகளையும் வரிசையாக எடுத்துரைக்கிறார். காவியச் சுவைக்கு அது இடையூறு என்று சிலர் கருதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஏது எது, போலி ஏது எது என்று பிரித்தறியத் தெரியாத ஒருத்திக்குத் துன்பத்தின் காரணத்தைப் போதிக்கக் கூடாது என்று சாத்தனார் கருதியிருக்கிறார். அந்த எச்சரிக்கையை நாம் கைவிட்டுவிட்டோம்.

எங்கே நிற்பது என்ற கேள்விக்கு மேஸ்திரியின் கைகள் சொன்ன விடை, தன் கருவி எட்டுகிற கடைசி இடத்தில் நிற்பது என்பதாகும். எட்டுகிற இடத்துக்கு முன்னதாக நிற்பது சோம்பல். எட்டாத இடத்துக்குத் தாவுவது தொழிலாகாது. இந்த விதியைக் கொண்டு வினைக் கொள்கையைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. முற்பிறவி என்பது எந்தக் கையும் எட்டாத காரணம். அது உண்மையே ஆயினும் (உண்மை என்றே நான் நம்புகிறேன்) எதிரில் துன்புறுகிறவனுக்கு நாம் செய்ய வேண்டியது எது என்பதை அது ஒருபோதும் தீர்மானிக்க முடியாது. நம் முன்னோர்களே துன்பத்தைத் தன்னால் வருவது, பிற உயிர்களால் வருவது, தெய்வத்தால் வருவது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாக்கி அவனவன் தலையிலேயே ஏற்றிவைப்பது அவர்கள் காட்டிய வழியன்று.

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம் நேர்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்பொழுது தமிழ்நாட்டில் ஹரிஜன யாத்திரை செய்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்காகக் கடவுள் அளித்த தண்டனை அது என்றார். கவி ரவீந்திரநாதர் இதை ஏற்க மறுத்து, இயற்கையின் விபத்துக்கு இயற்கையின் சேர்க்கைகளே காரணம் என்றும், அறநெறியை அதனுடன் பிணைப்பது பகுத்தறிவுக்கு ஊறு செய்யும் என்றும் எழுதினார். அந்த மறுப்பைக் காந்தியடிகள் தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே பிப்ரவரி 16-ஆம் தேதி வெளியிட்டுத் தம் பதிலையும் எழுதினார். இரண்டு மகான்களில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், காரணத்தைப் பொறுத்தவரையில் கவியின் பக்கமே நியாயம் என்பேன். பாவத்தையும் பூகம்பத்தையும் இணைக்கும் வியாப்தியை, அதாவது தவறாத தொடர்பை, எவரும் காட்ட முடியாது. ஆயினும் காந்தியடிகள் செய்ததில் கவனிக்க வேண்டிய அம்சங்கள் இரண்டு உண்டு. மாண்டவர்களுடைய பாவம் என்று அவர் சொல்லவில்லை. நாம் செய்த பாவம் என்று தம்மையும் சேர்த்துச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் மார்ச் மாதம் பீகாருக்கே போய், ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரண வேலையில் கலந்துகொண்டார். அவர் கூறிய காரணத்தை ஏற்காதவர்களும் அவருடைய இந்த நடத்தையை ஏற்கலாம்.

நம்முடைய வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. குடும்பம் முழுவதன் கடன் கவலையும், கணவனுடைய கோபமும், கிழவர்களுடைய பிணியும் ஒருத்தியிடத்தில் போய் மோதுகின்றன. அவள் பல ஆண்டுகள் தாங்கிவிட்டு ஒருநாள் கத்திவிட்டால், அவளுக்குப் பொறுமை இல்லை என்று ஊர் கூடித் தீர்ப்பளிக்கிறது. காரியாலயங்களில் கீழ்ப்படியில் இருக்கும் குமாஸ்தாவுக்கு நேர்வதும் இதுவே. அவனை நீக்கிவிட்டு வேறொருவனை நியமிக்கிறார்கள், புதியவனும் அதே பள்ளத்தில் உட்காருகிறான். மூச்சு விடும் வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. என் துன்பத்துக்கு என் வினையே காரணம் என்று நான் கருதுவது எனக்குப் பொறுமையைத் தருமானால், அந்தக் கருத்தை நான் வைத்துக்கொள்ளலாம். பிறன் துன்பத்துக்கு அவன் வினையே காரணம் என்று நான் சொல்வதோ, அவனுக்குப் பொறுமையைத் தருவதற்காக அன்று. எனக்கு வேலை இல்லாமற் செய்துகொள்வதற்காகவே. முன்னதைப் பக்தி என்று ஒப்புகிறேன். பின்னதை எந்தச் சமயத்தின் பெயராலும் ஒப்ப மாட்டேன்.

கோவில் மண்டபங்களிலும் சபைகளிலும் வினைக் கொள்கையை விளக்கி வரும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்தக் கொள்கையை அதன் முழு நுட்பத்தோடும் சொல்லுங்கள். அளவைகளையும் போலிகளையும் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சொல்லுங்கள். ஆனால் வாந்திபேதியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னிலையில் முற்பிறவியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். அந்தத் தெருவின் குடிதண்ணீரைப் பரிசோதித்தார்களா என்று விசாரியுங்கள். பரிசோதிக்கவில்லை என்றால், பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.